சுவருக்குக் கணக்குப் போடுவது யார்?

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூலத்தூர், கே.சி.பட்டி பக்கமிருந்து நமக்கு வரும் கேள்விகளில் ஒன்று மாறுவதே இல்லை. “சிவில் எடுத்தால் வேலை கிடைக்குமா?” என்று கேட்பார்கள். நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளைகள் இன்னொரு கேள்வியோடு வருவார்கள். “சைட்டுக்குப் போகட்டுமா, டிசைனுக்குப் போகட்டுமா?” முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. நம் தெருக்களில் கொத்தனார் உண்டு, சித்தாள் உண்டு, கம்பி கட்டுபவர் உண்டு, கல் உடைப்பவர் உண்டு. கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர் என்று கைகாட்ட ஒரு வீடு கிடைப்பது அரிது.

இந்த வாரம் அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். அது சம்பளத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. அதைப் புரிந்துகொள்ள மலையிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் வரை போய்வர வேண்டும்.

நடூர்

2019 டிசம்பர் 2, அதிகாலை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர். விடிய விடிய மழை. காலனியை ஒட்டி நின்ற, சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, அடியில் இருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் தலித் மக்கள். பெற்ற பிள்ளைகள் இருவரையும் பறிகொடுத்த தந்தை ஒருவர், அந்த நிலையிலும் பிள்ளைகளின் கண்களைத் தானமாகக் கொடுத்தார்.

அது தீண்டாமைச் சுவர் என்றன தலித் அமைப்புகள். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே சொல்லிவந்தோம் என்றார்கள் அங்கே வாழ்ந்தவர்கள்.

இப்படிப்பட்ட சுவர்கள் ஏன் எழுகின்றன என்று நாம் நிறையவே பேசியிருக்கிறோம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது நாடே பேசியது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, முடியவும் கூடாது. ஆனால் ஒரு சுவர் ஏன் விழுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் விளக்குவோம்? “இந்தச் சுவர் விழும்” என்று பயந்து சொன்னால் அது மனுவாகிக் கட்டுக்குள் போய்விடும். “இந்த உயரத்துக்கு இந்த அடிக்கனம் போதாது, தண்ணீர் வெளியேற வழியில்லை, கணக்கு இதோ” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வாங்கும் அதிகாரி அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். அப்படி எழுதிக்கொடுக்கும் ஆள் நம் தெருவில் வேண்டும் என்பதுதான் நாம் சொல்லவருவது.

கணக்கு இவ்வளவுதான்

பொறியாளர் தோழர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறோம். பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்கு இது புரியும்.

மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை மண் பக்கவாட்டில் தள்ளுகிறது. உயரம் இரு மடங்கானால் அந்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகும். சுவரைக் குப்புறக் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்காகும். 5 அடிச் சுவர் நன்றாக நிற்கிறதே என்று அதே கனத்தில் 10 அடிக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். சாதாரண மணற்பாங்கான மண் 3 மீட்டர் உயரத்துக்கு நின்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரை அது தள்ளும் விசை சுமார் 2.7 டன். அதே மண்ணில் மழைநீர் இறங்கி, வெளியேற வழியில்லாமல் சுவரின் தலை வரை நின்றால், அந்த விசை சுமார் 6 டன்னாக ஏறிவிடும். ஆண்டுக்கணக்கில் நின்ற சுவர் ஒரே இரவு மழையில் போவதற்கு இது முக்கியமான காரணம். இதற்காகத்தான் சுவரில் நீர் வடியும் துளைகள் விடுகிறார்கள். துளைகளுக்குப் பின்னால் ஜல்லி நிரப்புகிறார்கள். துளைக்கும் ஜல்லிக்கும் ஆகும் செலவு சுவரின் செலவில் மிகச் சிறியது. கணக்குத் தெரியாத இடத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லையைக் காட்டக் கட்டிய சுற்றுச்சுவர் வேறு, மண்ணைத் தாங்கக் கட்டும் தடுப்புச்சுவர் வேறு. ஒருபுறம் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால் சுற்றுச்சுவர் தடுப்புச்சுவரின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். அந்த வேலைக்காக அதை யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

நம் மலை சொல்லும் பாடம்

பண்ணைக்காட்டுப் பக்கம் காபித் தோட்டத்திலும் மலைவாழைத் தோட்டத்திலும் படிப்படியாகக் கல்கட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, வெறும் கல். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல், மலைப்பக்கம் லேசான சாய்வு. மழைநீர் கல்லிடுக்கு வழியாகத் தானே வடிந்துவிடும். மண்ணும் தண்ணீரும் சேர்ந்து தள்ளும் நிலையே அங்கே வராது. அந்தக் கல்கட்டுகளைக் கட்டிய கைகள் பெரும்பாலும் யாருடைய கைகள் என்று மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவுக்குப் பட்டமும் இல்லை, கூலிக்கு மேல் ஒரு காசும் இல்லை.

தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளையும் மாணவர்கள் ஒருமுறை பொறியாளர் கண்ணால் பார்க்க வேண்டும். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை வைத்திருக்கிறார்கள். கல் நசுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அதனால்தான் மூடுகல் அவ்வளவு தடிப்பு, நிற்கும் கற்களுக்கு இடையே அவ்வளவு குறைந்த இடைவெளி. கான்கிரீட்டும் அதே குணம்தான். வளையும்போது இழுபடும் பக்கத்தில் அது வெடிக்கும். அந்த இழுவையைத் தாங்கத்தான் உள்ளே கம்பி போடுகிறோம். கட்டமைப்புப் பொறியியலின் பாதி வேலை, எந்தப் பக்கம் இழுபடும் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

சைட்டா, டிசைனா?

படித்து முடித்த பெண் ஒருவர் சமீபத்தில் நம்மிடம் கேட்டார். தோட்டக் கூலிக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. கோவையில் ஒரு சைட் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. இன்னொரு பக்கம் ஒரு சிறிய டிசைன் அலுவலகம் கூப்பிடுகிறது. சம்பளம் அதைவிடக் குறைவு, அறை வாடகை தன் கையில். கல்விக்கடன் தவணை காத்திருக்கிறது. அப்பா சைட் என்கிறார். கல்லூரி நண்பர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஐ.டி. என்கிறார்கள்.

இது அந்தப் பெண் ஒருவரின் சிக்கல் அல்ல. ஆரம்பத்தில் குறைந்த சம்பளத்தில் இரண்டு ஆண்டு கற்றுக்கொள்ள வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் முடியும். முதல் மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைகளால் முடியாது. அதனால் நம் பிள்ளைகள் சைட்டோடு நின்றுவிடுகிறார்கள். கல் சுமந்தவரின் பிள்ளை கல் சுமப்பவர்களை மேற்பார்க்கிறது. அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் சுவரின் கனத்தை முடிவு செய்யும் பேனா அப்போதும் வேறொருவர் கையில்தான் இருக்கிறது.

நம் பதில் இது. சைட்டுக்குப் போவதில் தவறில்லை. தளம் போடும் இடத்தில் நிற்காதவர் நல்ல வடிவமைப்பாளராக மாட்டார். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஆண்டு, மிஞ்சினால் இரண்டு. அந்தக் காலத்தில் கூலிக்கணக்கு எழுதுவதோடு நிற்காமல், கையில் வரும் ஒவ்வொரு வரைபடத்தையும் “இந்தக் கம்பி ஏன் இங்கே?” என்று கேட்டுப் படியுங்கள். மாலையில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, மலைப்பகுதித் தடுப்புச்சுவர்களுக்கான ஐ.எஸ். 14458 போன்ற விதித்தொகுப்புகளை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். மலைப் பிள்ளைகளுக்கு 14458 பாடப்புத்தகம் போல இருக்க வேண்டும்.

மேற்படிப்பு முடியுமென்றால் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இருக்கிறது. கேட் தேர்வில் தகுதி பெற்று அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியலுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இன்னொரு பாதை டி.என்.பி.எஸ்.சி. வழியாகப் பொதுப்பணித் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் போவது. மலைப்பாதையின் தடுப்புச்சுவர்களை முடிவு செய்யும் மேசைகள் அங்கே இருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு என்று கதவுகள் இருக்கின்றன. கதவுக்குள் போன பிறகு எந்த மேசையில் உட்காருவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. “உனக்கு எதற்கு சைட், ஆபீசில் உட்கார்” என்பார்கள். அக்கறை போலத் தெரியும். சைட்டைப் பார்க்காமல் உட்கார வைத்தால் படம் நகலெடுக்கும் வேலைதான் கிடைக்கும். சித்தாளாகப் பெண்கள் கல்லும் மண்ணும் சுமக்கலாம், பொறியாளராக வந்து நிற்கக் கூடாது என்ற நியாயம் எந்த ஊர் நியாயம்?

முதல் ஆண்டில் கேட்க வேண்டியவை

வேலையின் முதல் ஆண்டில் எந்தச் சைட்டிலும் பயன்படும் மூன்று விஷயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, நீட்டிக்கொண்டிருக்கும் தளம். சன்ஷேடு, பால்கனி போன்றவை ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவை. காய் தாங்காமல் முறியும் கிளையைப் பாருங்கள், மேல்புறம்தான் முதலில் கிழியும். அதனால் இவற்றில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சாதாரண அறைத்தளத்தின் நடுவில் அது அடியில் இருக்கும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மேல்கம்பி கீழே இறங்கிவிட்டால், கம்பி முழுதாக இருந்தும் பயனில்லை. சென்ட்ரிங் பலகையைக் கழற்றும்போதே விழக்கூடும், கழற்றுபவர் அடியில் நிற்பார். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பிகள் வைத்திருக்கிறதா என்று கொட்டுவதற்கு முன் பாருங்கள்.

இரண்டு, கம்பியின் மேல் மூட்டம். பழைய தொகுப்பு வீடுகளில் தளம் உரிந்து கம்பி பல்லை இளிப்பதைப் பார்க்கிறோம். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே போதுமான கான்கிரீட் இல்லையென்றால் ஈரம் புகுந்து துரு ஏறும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும், அது கான்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். விதிப்படி தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் மூட்டம் வேண்டும். பனியும் சாரலும் ஓயாத நம் மலையில் இதில் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சில ரூபாய் கவர் பிளாக் ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மூன்று, தண்ணீர். வாரிக் கொட்ட எளிதாக இருக்கிறது என்று கலவையில் தண்ணீரைக் கூட்டுவார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் சிமெண்டின் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் சொச்சம். மழையில் நனைந்த மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கொட்டிய பிறகோ தண்ணீர் தாராளமாக வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் நனைத்தே வைத்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்காமல் விட்டால்

இப்படிக் கேட்டால் வேலை போய்விடாதா என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. கேட்காமல் விட்டதன் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாட் ரீஜென்சி ஓட்டல். கூடத்துக்கு மேலே இரண்டு நடைபாலங்கள், ஒன்றின் நேர் கீழே மற்றொன்று. இரண்டையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்கவிடுவதாகத்தான் முதல் வடிவமைப்பு. கட்டும்போது வசதிக்காக மாற்றினார்கள். மேல்பாலம் கூரையிலிருந்து, கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து. ஒரே கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவது வேறு, மேலே தொங்குபவரின் காலைப் பிடித்துக் கீழே ஒருவர் தொங்குவது வேறு. மேல்பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அந்த மாற்றத்துக்கு யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. இரண்டு பாலங்களும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான பொறியாளர்கள் அந்த மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள்.

நம் மாநிலத்தில், 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். அடியில் சிக்கியவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். நடூரில் சுவருக்கு அடியில் குடியிருந்தவர்கள், மௌலிவாக்கத்தில் கட்டடத்தில் வேலை செய்தவர்கள். கணக்குத் தவறும்போது முதலில் சாவது யார் என்பதை இந்த இரண்டு இடங்களும் சொல்லிவிட்டன.

நம் நாட்டில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டு. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உண்டு. பொறியாளர்களுக்கு அப்படி நாடு தழுவிய உரிமச் சட்டம் இல்லை. ஆகவே இளம் பொறியாளர்கள் தங்கள் பெயரைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். சைட்டில் வாய்மொழியாகச் சொல்லும் மாற்றத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கணக்குப் போடாத படத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சந்தேகத்தைத் தேதியிட்டு எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் புதிதல்ல

கட்டுமானம் நம் அரசியலுக்கு வெளியே இருந்ததில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்த அண்ணல் அம்பேத்கர் பாசனம், மின்சாரம், பொதுப்பணி ஆகியவற்றையும் பார்த்தார். அணைகளையும் மின்நிலையங்களையும் திட்டமிடும் மத்திய அமைப்புகள் அந்தக் காலத்தில் உருவாயின. தமிழ்நாட்டில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலை ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவது. கூரை எந்தப் பொருளால் ஆனது என்பதே உயிர்ப் பிரச்சினையாக இருந்த மக்கள் நாம். இன்று கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அந்தப் பணத்தில், மலைச்சரிவில், எந்த இடத்தில் எப்படிக் கட்டினால் நிற்கும் என்று சொல்ல நம் பிள்ளைகளில் ஒருவர் வேண்டாமா?

பருவமழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் சிவில் படிக்கும், படித்த பிள்ளைகள் தங்கள் தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். வீட்டுக்கு மேலே நிற்கும் சுவர்களைப் பாருங்கள். உயரம் என்ன, அடிக்கனம் என்ன, நீர்த்துளை இருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா, படுக்கைவாட்டில் விரிசல் உண்டா, வயிறு தள்ளி நிற்கிறதா, பின்னால் புதிதாக மண் கொட்டியிருக்கிறதா, மேல்வீட்டுச் சாக்கடை அங்கே வந்து நிற்கிறதா? அளந்து, படம் எடுத்து, தேதியோடு எழுதுங்கள்.

ஆபத்து என்று தெரிந்தால் உள்ளாட்சி அலுவலகத்திலும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனுக் கொடுங்கள். கொடைக்கானல் கோட்டாட்சியருக்கும் ஒரு மனு போக வேண்டும். இடிந்து விழக்கூடிய கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. மனுவில் பிரிவு எண்ணை எழுதுங்கள், அளவுகளை எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னதும் இதுதான். கடன் தவணைக்காக இப்போது சைட்டுக்குப் போகட்டும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் டிசைன் மேசைக்கு மாறட்டும். போவதற்கு முன், தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சுவருக்கு முதல் கணக்கைப் போட்டுவிட்டுப் போகட்டும்.